மேலே அழகு, வளைத்தால் பிளவு: உராய்வுக் கிளறல் வெல்டிங்கில் பிழை தேடுவது எப்படி?

கொழும்பு கிராண்ட்பாஸில் எங்கள் வேர்க்சொப்பில் நிற்கும் மில்லிங் மெசினுக்கு என்னை விட வயது கூட. அதில் இரண்டு அலுமினியப் பிளேட்டை உருக்காமலே ஒட்டப் போகிறேன் என்று சொன்னபோது வெல்டிங் பாஸ் கையுறையைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “உருகாட்டி அதென்ன தம்பி வெல்டிங்? மாக் குழைக்கிற மாதிரியோ?”

கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் தொதல் கிண்டுவது இன்னும் பொருத்தமான உவமை. அகலமான தோளும் அதன் நடுவில் முளை மாதிரிக் குட்டையான ‘பின்’னும் (pin) உள்ள ஓர் உருக்கு டூல். அதைச் சுழலவிட்டு, இரண்டு பிளேட்டும் முட்டும் கோட்டில் பின்னை இறக்குகிறோம். தோள் மேற்பரப்பில் உரசிச் சூடேற்ற, அலுமினியம் உருகாமல் களியாகிறது. பின் அதைக் கிளறிக்கொண்டே முன்னே போக, பின்னால் இரண்டு பிளேட்டும் ஒன்றாகி இறுகுகின்றன. தொதலில் மேலே எண்ணெய் பளபளவென்று மிதந்தாலும், அகப்பை அடிவரை போகாவிட்டால் அடியில் மாக்கட்டி கிடக்கும். இந்த வெல்டிங்கின் பாதிப் பிழைகள் அந்த மாக்கட்டிதான்.

இந்த உராய்வுக் கிளறல் முறையைக் கண்டுபிடித்தது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு அருகே உள்ள வெல்டிங் ஆய்வு நிறுவனமான டி.டபிள்யூ.ஐ., 1991இல். ரொக்கெட் செய்பவர்கள் அதைச் சும்மா பிடித்துக்கொள்ளவில்லை. எரிபொருள் தொட்டிக்கு அவர்கள் பாவிக்கும் 2219 போன்ற செம்பு கலந்த அலுமினியமும், 2195 போன்ற லித்தியம் கலந்த அலுமினியமும் உருக்கி ஒட்டும்போது தொல்லை தருபவை: நுண்துளை விழும், வலிமை இறங்கும், 2195 விரிசலும் விடும். உருகவே இல்லையென்றால் அந்தத் தொல்லையில் பெரும்பகுதி இல்லை. 2009இல் பறந்த ஜப்பானின் எச்-2பி ரொக்கெட்டின் 5.2 மீட்டர் விட்டத் தொட்டி, ஃபல்கன் 9இன் தொட்டிகள், நாசாவின் எஸ்.எல்.எஸ். ரொக்கெட்டின் 8.4 மீட்டர் விட்ட நடுப்பகுதி எல்லாம் இப்படி ஒட்டியவைதான்.

எங்கள் வேலை 6 மி.மீ. பிளேட், நீளம் ஒரு முழம். ஆனாலும் பிழைகள் ஒரே குடும்பம். எந்தப் பிழை வந்தாலும் கை முதலில் ஸ்பீட் கியருக்குத்தான் போகிறது. அதுதான் தவறு. முதலில் ஸ்பானர் (பிடிப்பு), பிறகு டயல் கேஜ் (அளவு), பிறகு கம்பித் தூரிகை (சுத்தம்), கடைசியில்தான் வேகம். கீழே நான் எழுதியிருப்பது அந்த வரிசையை மனதில் வைத்துத்தான்.

எங்கள் ஆரம்ப அளவுகள்: 6061-டி6 பிளேட், 6 மி.மீ. எச்13 என்ற சூடு தாங்கும் உருக்கில் டூல், தோள் 18 மி.மீ., பின் நீளம் 5.8 மி.மீ. டூல் பின்பக்கமாக 2 பாகை சாய்வு. நிமிடத்துக்கு 1000 சுற்று, நிமிடத்துக்கு 100 மி.மீ. நகர்வு. உங்கள் மெசினுக்கு இது தொடக்கம் மட்டும். 6 மி.மீ.க்கே கீழ்நோக்கிய அழுத்தம் ஒரு டன்னை நெருங்கும். தாங்கி (பெயாரிங்) தேய்ந்த ஸ்பிண்டிலில், அதாவது டூலைச் சுழற்றும் தண்டில், இதைத் தொடங்க வேண்டாம்.

இன்னொன்று. மேலிருந்து பார்க்க டூல் வலஞ்சுழியாகச் சுற்றி, உங்களிடமிருந்து விலகிப் போகிறது என்றால், இடப்பக்கம் டூலின் சுழற்சியும் பயணமும் ஒரே திசை. அதை முன்னேறும் பக்கம் என்போம். வலப்பக்கம் பின்வாங்கும் பக்கம். ஒவ்வொரு பிளேட்டிலும் இதை மார்க்கரால் எழுதி வையுங்கள். எந்தப் பக்கத்தில் பிழை என்பதே பாதி விடை.

ஓரத்தில் சுருள் சுருளாகப் பிதுங்குகிறது

தோள் அளவுக்கு மேல் இறங்கிவிட்டது. தோளின் பின்விளிம்பு பிளேட்டுக்குள் 0.1 முதல் 0.2 மி.மீ. இறங்கினால் போதும். பிதுங்கியது எல்லாம் இணைப்புக்குள் இருக்க வேண்டிய உலோகம் என்பதை மறக்க வேண்டாம். அரத்தால் தேய்த்துவிட்டு அழகு பார்த்தால், வெல்ட் மெலிந்திருப்பதும் உள்ளே வெற்றிடம் இருக்கக்கூடும் என்பதும் மறைந்துபோகும்.

தொடக்கத்தில் ஒழுங்காக இருந்து போகப் போகப் பிதுக்கம் கூடுகிறதா? அது வேறு கதை, “வளைத்தால் அடியில் பிளக்கிறது” என்ற பகுதியில் வருகிறது.

மேலே நீளமாகக் கீறல் போல ஒரு வாய்க்கால்

முன்னேறும் பக்கத்தில், உழவு சால் மாதிரித் திறந்து கிடக்கும். மூன்று காரணம் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, தோள் மேற்பரப்பில் முழுதாக உட்காரவில்லை. மூடி இல்லாத பானை. இரண்டு, பிளேட்டுகளுக்கு நடுவே இடைவெளி. தடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது எங்கள் பிளேட்டில் 0.6 மி.மீ.க்கு மேல் போனால் அதை நிரப்ப உலோகம் கிடையாது, இதில் நிரப்புக் கம்பியும் கிடையாது. வைக்கும்போது நெருக்கமாக இருந்து, டூல் போகும்போது பிரிவதும் உண்டு. பின் ஓர் ஆப்பு மாதிரி இரண்டு பிளேட்டையும் விலக்கித் தள்ளும். மேலிருந்து அமுக்கும் கிளாம்ப் மட்டும் போதாது, பக்கவாட்டில் நெருக்கும் போல்ட்டும் வேண்டும்.

மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் போனது. பின்னில் வெட்டிய மரை. எங்கள் பெடியன் ஹற்றன்காரன், லேத்தில் கெட்டிக்காரன். வழமையான வலமரையை வெட்டிவிட்டான். வலஞ்சுழியாகச் சுற்றும் ட்ரில் பிட் துருவலை எப்படி மேலே தள்ளுகிறதோ, அப்படியே வலமரைப் பின் களியான அலுமினியத்தை மேலே தூக்கி வெளியே எறிந்தது. வலஞ்சுழிக்கு இடமரைதான் வேண்டும், அதுதான் உலோகத்தை அடிக்குத் தள்ளும். “அண்ணே, மெசினை மத்தப் பக்கம் சுத்த விட்டாப் போச்சு” என்றான். சரிதான், போயிருக்கும். அதற்குள் நாங்கள் வேகத்தை எட்டுத் தடவை மாற்றியிருந்தோம்.

மேலே கண்ணாடி போல இருக்கிறது, வெட்டிப் பார்த்தால் உள்ளே ஓட்டை

சுரங்கப் பிழை. பெரும்பாலும் முன்னேறும் பக்கத்தில், அடிக்குச் சற்று மேலே, வெல்டின் நீளத்துக்கு ஒரு குகை போல ஓடும். வெளியே எந்த அடையாளமும் இருக்காது.

அதனால் எந்த அமைப்பை மாற்றினாலும் முதல் துண்டைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். 1200 இலக்கம் வரை உப்புத்தாளால் தேய்த்து, பத்து வீதக் கோஸ்டிக் சோடாக் கரைசலில் சில நிமிடம் போட்டால் கிளறிய பகுதி வெங்காய வளையம் போலத் தெரியும். கையுறையும் கண்ணாடியும் வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். அலுமினியமும் கோஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் ஐதரசன் வரும். பக்கத்தில் வெல்டிங் பாஸ் வேலை செய்துகொண்டிருக்கக் கூடாது.

ஓட்டை வந்தால் அது சூடு குறைந்ததாலா, கூடியதாலா என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். இரண்டாலும் வரும், மருந்து எதிரெதிர். பிதுக்கம் இல்லை, மேற்பரப்பின் வளையக் கோடுகள் ஐதாக, இடைவெளி விட்டு விழுந்திருக்கின்றன என்றால் சூடு போதவில்லை. ஒரு சுற்றுக்கு டூல் எவ்வளவு நகர்கிறது என்று கணக்குப் பாருங்கள். 100 மி.மீ.யை 1000 சுற்றால் பிரித்தால் 0.1 மி.மீ. அதை 0.3க்கு ஏற்றிவிட்டு ஓட்டை வருகிறதே என்றால், அகப்பையை இழுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள், கிண்டவில்லை. நகர்வைக் குறையுங்கள். மாறாக இரண்டு பக்கமும் பிதுக்கம், மேற்பரப்பு உரிந்தது போல, டூலில் அலுமினியம் அப்பியிருக்கிறது என்றால் சூடு கூடிவிட்டது, உலோகம் வெளியே போய்விட்டது. சுற்றைக் குறைத்து, தோளை உயர்த்துங்கள்.

இரண்டும் இல்லையா? பின்னின் மரையை விரல் நகத்தால் தடவுங்கள். நேற்று வரை நல்ல வெல்ட், இன்று ஓட்டை என்றால் பெரும்பாலும் மரை மழுங்கியிருக்கும்.

வளைத்தால் அடியில் பிளக்கிறது

இதற்குத்தான் இந்தத் தலைப்பு. ஒட்டிய துண்டில் ஒரு பட்டியை அறுத்து, அடிப்பக்கம் வெளியே வரும்படி வளையுங்கள். நல்ல வெல்ட் வளையும். கெட்டது, பழைய இணைப்புக் கோட்டிலேயே புத்தகம் மாதிரித் திறக்கும்.

பின்னின் நுனிக்குக் கீழே கிளறப்படாத உலோகம் மிஞ்சியிருக்கிறது என்பது பொருள். இதில் மோசமான வகை, இரண்டு பரப்பும் அழுத்தத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒட்டாமல் இருப்பது. முத்தமிட்டு நிற்கும் பிணைப்பு என்று சொல்வார்கள். எக்ஸ்ரேயில் வெற்றிடம் இல்லாததால் ஒன்றும் தெரியாது. மீயொலியும் பல வேளை அதைக் கடந்து போய்விடும். சாயம் ஊறவிட்டுப் பார்க்கும் சோதனையில், வாய் மேற்பரப்பில் திறந்திருந்தால் மட்டுமே சிக்கும். வேர்க்சொப்பில் வளைத்துப் பார்ப்பதை விட மலிவான, நேர்மையான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

காரணம் தேடும்போது டயல் கேஜை நம்பிவிடாதீர்கள். நாங்கள் நம்பினோம். டயல் 5.95 மி.மீ. ஆழம் என்றது, பிளவு இல்லை என்று சொல்ல அது போதும். ஆனால் ஒரு டன் அழுத்தும்போது பழைய மெசினின் மேசை கீழே வளைகிறது, ஸ்பிண்டில் தலை மேலே எழும்புகிறது. டயல் காட்டுவது மெசினின் நகர்வை, பிளேட்டுக்குள் பின் இறங்கியதை அல்ல. மேசைக்கு அடியில் முட்டுக் கொடுத்த பிறகுதான் இரண்டும் கிட்ட வந்தன.

அப்புறம் சூடு. டூலும் பிடியுமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 60 மி.மீ. உருக்கு, 200 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 0.15 மி.மீ. நீளும். நமக்குள்ள சலுகையே அவ்வளவுதான். அதனால் வெல்டின் தொடக்கத்தில் அடி ஒட்டாமலும், முடிவில் பிதுங்கியும் வரும். மேலே விட்ட கதை இதுதான். பெரிய மெசின்கள் ஆழத்தைப் பிடித்துவைப்பதற்குப் பதில் அழுத்தத்தைப் பிடித்துவைப்பது இதற்காகவும்தான். நம்மிடம் அது இல்லை. தொடக்கத்தில் டூலைப் பத்து செக்கன் நின்ற இடத்திலேயே சுற்றவிட்டுச் சூடாக்கி, முதல் 20 மி.மீ.யை வெட்டி எறிவதாகக் கணக்கில் எடுத்துக்கொள்வது எங்கள் ஏற்பாடு.

பிளேட்டையும் மைக்ரோமீட்டரால் நாலைந்து இடத்தில் அளந்துவிடுங்கள். 6 மி.மீ. என்று விற்பது எல்லா இடத்திலும் 6 மி.மீ. இல்லை.

ரொக்கெட் தொட்டியில் இதே பிரச்சினை வேறு அளவில். நேர்கோட்டு வெல்டுக்கு அடியில் தாங்குதகடு வைக்கலாம். 8.4 மீட்டர் வளையத்தைச் சுற்றி உள்ளிருந்து தாங்குவது எளிதல்ல. அதனால் நாசா சுற்றுவட்ட வெல்டுகளுக்கு இரட்டைத் தோள் டூல் பாவிக்கிறது. மேலே ஒரு தோள், கீழே ஒரு தோள், நடுவே பிளேட்டை ஊடுருவிப் போகும் பின். இரண்டு தோளும் இடுக்கி போலப் பிடிப்பதால் தாங்குதகடே வேண்டாம், கிளறாத அடியும் மிஞ்சாது. நியூ ஓர்லியன்ஸின் மிஷூட் ஆலையில் இதற்காக நிறுத்திய கோபுர மெசின் 50 மீட்டருக்கு மேல் உயரம். அதையும் நேராக நிறுத்துவதில்தான் முதல் தடங்கல் வந்தது. சரிவைத் திருத்திய பிறகே தொட்டி வேலை தொடங்கியது. ஸ்பானர் முதலில் என்று நான் சொல்வது சின்ன வேர்க்சொப் ஞானம் மட்டுமல்ல.

அறுத்துப் பார்த்தால் நடுவில் கருமையாக ஒரு வளைகோடு

எஸ் எழுத்து சோம்பல் முறித்த மாதிரி, மேலிருந்து அடிவரை ஓடும். ஓட்டை இல்லை, பிளவும் இல்லை. இரண்டு பிளேட்டின் முகத்திலும் இருந்த ஒட்சைட்டுப் படலம் உடைந்து சிதறாமல் வரிசையாகவே நின்றுவிட்டது. இரட்டைத் தோள் டூலிலும் இது வரும்.

கொழும்பில் இதற்குக் காரணம் தேடிப் போக வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் வருகிறது. கடல் காற்று, ஈரப்பதம். இரவு துடைத்து வைத்த முகம் காலையில் திரும்பவும் படலம் கட்டியிருக்கும். ஒட்டும் அன்றே, முடிந்தால் அந்த மணித்தியாலத்திலேயே, அசிற்றோனால் துடைத்து, துருப்பிடிக்கா உருக்குக் கம்பித் தூரிகையால் முகத்தைத் தேய்க்க வேண்டும். அந்தத் தூரிகை அலுமினியத்துக்கு மட்டும். இரும்பைத் தேய்த்த தூரிகையைக் கொண்டுவந்தால் பேசாமல் இருப்பதே நல்லது. தேய்த்த பிறகும் கோடு தெரிந்தால், இப்போது வேகத்தைத் தொடலாம்: ஒரு சுற்றுக்கான நகர்வைச் சற்றுக் குறைத்தால் படலம் நன்றாகச் சிதறும்.

பின் முறிந்துவிட்டது

சத்தமே கேட்காமல் போகும். டூல் சுற்றிக்கொண்டே நகரும், மேற்பரப்பு அழகாகவே வரும், ஆனால் முறிந்த பின் பிளேட்டுக்குள் புதைந்திருக்கும். ஒவ்வொரு வெல்டுக்குப் பிறகும் டூலைக் கண்ணால் பாருங்கள்.

பாதித் தடவை, சூடாகும் முன் நகர்த்தியதுதான் காரணம். மீதியில் பெரும்பங்கு, பின்னும் தோளும் சேரும் மூலையைக் கூராக வெட்டியது. அங்கே சின்ன வளைவு விடுங்கள், 1 மி.மீ. போதும். டூல் ஆட்டத்தை டயல் வைத்துப் பாருங்கள். உருக்கையும் சந்தேகப்படுங்கள். பழைய சோனகத் தெருவில் “நானா, எச்13 இருக்கா?” என்றால் இருக்கிறது என்ற பதில் வராத கடை குறைவு. ஆலைச் சான்றிதழ் கேளுங்கள். வாங்கிய பின் முறையாகக் கடினமாக்கிப் பதப்படுத்தாவிட்டால் அது எச்13 ஆக இருந்தும் பயனில்லை.

பின்னில் சின்ன மாற்றம் செய்தாலும் எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்வது எங்கள் வழக்கம். எஸ்.எல்.எஸ். தொட்டிகளில் பின்னின் அமைப்பை மாற்றியதை அடுத்து வெல்டின் வலிமை எதிர்பார்த்ததை விடக் குறைந்ததும், 2017இல் அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் போனதும் பதிவான விஷயம்.

அடித்தகட்டோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது

பின்னின் நீளம் கூடிவிட்டது, அல்லது அமுக்கியது அதிகம். அடித்தகடு (பிளேட்டுக்கு அடியில் வைக்கும் தாங்குதகடு) அலுமினியம் என்றால் அதை உருக்காக மாற்றுங்கள். அவ்வளவுதான்.

பிழை ஒன்றும் இல்லை, ஆனால் இழுத்தால் சீக்கிரம் அறுகிறது

எங்கே அறுந்தது என்று பாருங்கள். வெல்டுக்குப் பக்கத்தில், தோளின் ஓரத்தை ஒட்டி அறுந்திருந்தால் உங்கள் வெல்டில் குறை இல்லை. டி6 என்பது வெப்பப் பதத்தால் வந்த வலிமை. வெல்டின் சூடு அக்கம்பக்கத்தில் அதைக் கலைத்துவிடும். 6061இல் மூலப் பிளேட்டின் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நான் திருப்திப்படுவேன். வேகத்தைக் கூட்டிக் குறைத்து இதை முழுதாக வெல்ல முடியாது. ரொக்கெட்காரர்களும் வெல்லவில்லை, சுற்றிப் போகிறார்கள்: தொட்டித் தகட்டை நடுவில் குடைந்து மெலிதாக்கும்போது, வெல்ட் வரப்போகும் ஓரத்தை மட்டும் தடிப்பாக விட்டுவிடுகிறார்கள். வலிமை குறையும் இடத்தில் உலோகம் கூட. நம் வேலையிலும் வரைபடம் போடும்போதே இதை யோசித்தால் பிறகு மெசினைத் திட்ட வேண்டியதில்லை.

முடிவில் ஓர் ஓட்டை நிற்கிறது

இது பிழை இல்லை, பின் வெளியே வந்த இடம். வளையமான தொட்டியில் இதை ஓரத்துக்குத் தள்ள முடியாது. அங்கே பின்னைப் படிப்படியாக உள்ளிழுக்கும் டூல் உண்டு, அல்லது ஓர் அலுமினிய முளையைச் சுழற்றி இழுத்து, உராய்விலேயே ஓட்டையை ஒட்டி அடைப்பார்கள். நமக்கு நேர்கோடுதானே. முடிவில் ஒரு துண்டை ஒட்டாகச் சேர்த்து வைத்து, ஓட்டையை அதில் விழச்செய்து, பிறகு அறுத்துவிடலாம்.

அறுத்த துண்டை மட்டும் எறியாதீர்கள். டெப்த் கேஜை அந்த ஓட்டைக்குள் இறக்குங்கள். மெசின் வளைந்ததும் டூல் நீண்டதும் கழிந்து, பின் உண்மையில் எவ்வளவு இறங்கியது என்பது அங்கேதான் இருக்கிறது. எங்கள் கொப்பியில் ஒவ்வொரு வெல்டுக்கும் எதிரே டயல் சொன்ன எண், ஓட்டை சொன்ன எண் என்று இரண்டு நிரல். இரண்டுக்கும் வித்தியாசம் 0.1ஐத் தாண்டும் அன்று வேலையை நிறுத்திவிட்டு, பெடியன் ஸ்பானரோடு மேசைக்குக் கீழே போய்விடுவான்.